முட்டைக் கோழியா, இறைச்சிக் கோழியா? மட்டக்களப்பில் முதல் கூடு போடுகிறவருக்கு

நான் முதன்முதலாக வாங்கிய நூறு இறைச்சிக் கோழிக் குஞ்சுகளை ஒரு மே மாதத் தொடக்கத்தில் இறக்கினேன். குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. ஜூன் நடுவில், ஆறாவது வாரத்தில், கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குச் சூட்டுக் காற்று பிடித்துக்கொண்டது. தாழ்ந்த தகரக் கூரை, மேற்கு வெயில் நேரே விழும் கூடு. ஒரு நாள் பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் பதினொரு கோழிகள் வாயைப் பிளந்தபடி செத்துக் கிடந்தன. அந்த நேரத்தில் நான் ஏறாவூரில் கோழி வாங்க ஆள் தேடித் திரிந்தேன்.

புதிதாகத் தொடங்கும் இளைஞர்களும் பெண்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: எதில் லாபம் அதிகம்? அதற்கு முன்னால் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வீட்டால் எத்தனை மாதம் வருமானமில்லாமல் பொறுக்க முடியும்? நண்பகலில் வீட்டில் யார் இருப்பார்? விற்பனை எங்கே? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் எந்தக் கோழி என்பது அநேகமாகத் தானாகத் தெரிந்துவிடும்.

படி 1: காத்திருக்கும் காலத்தைத் தீன் மூடையில் எண்ணுங்கள்

புரொய்லர் என்று நாம் சொல்லும் இறைச்சிக் கோழி 35 முதல் 42 நாட்களில் ஏறக்குறைய இரண்டு கிலோ உயிர் எடைக்கு வந்துவிடும். அதற்குள் ஒரு கோழி மூன்றரைக் கிலோ அளவில் தீன் தின்னும். நூறு கோழிக்கு 350 கிலோ, அதாவது 50 கிலோ மூடையில் ஏழு. ஒன்றரை மாதத்தில் போட்ட பணம் கைக்குத் திரும்பும், அல்லது எவ்வளவு போனது என்றாவது தெரிந்துவிடும்.

முட்டைக் கோழி 18 முதல் 20 வாரம் வரை ஒரு முட்டைகூடத் தராது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு பேடு ஏழரைக் கிலோ வரை தின்னும். நூறு பேட்டுக்குப் பதினைந்து மூடை. முட்டையிடத் தொடங்கிய பின் ஒரு பேட்டுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வேண்டும். நூறு பேட்டுக்கு நான்கு நாளைக்கு ஒரு மூடை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 26 முதல் 30 வாரத்தில் நூறு பேட்டுக்கு நாளொன்றுக்குத் தொண்ணூறு முட்டை வரை வரக்கூடும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். 72 முதல் 80 வாரத்தில் கழித்துவிட வேண்டிவரும்.

அந்தப் பதினைந்து மூடைக்கான பணம் குஞ்சு வாங்கும் நாளிலேயே உங்களிடம் இருக்க வேண்டும். “முட்டை வந்ததும் தீன் கடனை அடைக்கலாம்” என்ற எண்ணத்தில் யாரும் இறங்கவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நான் அறுபது பேடு வளர்த்தபோது பதினைந்தாவது வாரத்தில் கைப்பணம் முடிந்துவிட்டது. தீனில் நெல் தவிட்டைக் கலந்து ஒப்பேற்றினேன். இருபதாவது வாரத்தில் வரவேண்டிய முட்டை இருபத்துநான்காவது வாரத்தில் வந்தது. அதுவும் புறா முட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வளரும் பருவத்தில் பேட்டை ஒட்டக் காயவிட்டால் பின்னர் எவ்வளவு போட்டாலும் அந்தக் குறை முழுதாக ஆறாது.

இன்னொன்றும் உண்டு. முட்டைக் கோழி என்பது ஒன்றரை வருடத்துக்குக் கட்டிக்கொள்ளும் பொறுப்பு. 2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் தீன் மூலப்பொருட்கள் வருவது சுருங்கியபோது, நாடெங்கும் பேடு வைத்திருந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். பலர் பேடுகளை இறைச்சிக்குக் கொடுத்தார்கள். முட்டை இல்லாமல் போய், 2023 இல் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய நிலை வந்தது. இறைச்சிக் கோழி வளர்த்தவர் அந்தத் தொகுதியை விற்றுவிட்டுக் கூட்டைப் பூட்டி வைக்க முடிந்தது. தீன் விலை ஆடும் காலத்தில் ஆறு வாரத்தில் விலகக்கூடிய தொழிலுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

படி 2: நண்பகலில் யார் இருப்பார்

இறைச்சிக் கோழி பாரமான உடம்புடையது. முப்பது பாகை செல்சியசைத் தாண்டினால் மூச்சிரைக்கும். கடைசி இரண்டு வாரம்தான் ஆபத்து. கச்சான் காலத்தில் காலை பத்து மணிக்குத் தீன் தொட்டியைத் தூக்கிவிட்டு நான்கு மணிக்குப் பின் மீண்டும் வைக்க ஒருவர் வேண்டும். தின்று செரிக்கும் சூடு வெயிலோடு சேர்ந்தால் கோழி தாங்காது. தண்ணீரைப் பகலில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். கூரையில் கிடுகு போட்டு நனைக்க வேண்டும். இதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் மே முதல் ஆகஸ்ட் வரை இறைச்சிக் கோழி வளர்க்கவே வேண்டாம்.

பேட்டுக்கும் வெப்பம் பிடிக்காது. ஓடு மெலிந்து முட்டை உடையும், எண்ணிக்கை குறையும். ஆனால் ஒரே பகலில் பத்துப் பேடு விழுவது அரிது. முட்டை பெரும்பாலும் காலையிலும் நண்பகலுக்கு முன்னும் இடப்படும். ஆகவே காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் தாய்க்கு, வயலுக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பும் ஆளுக்கு, பேடு நன்றாகப் பொருந்தும்.

படி 3: குஞ்சு வாங்கும் முன் வாங்குபவரைத் தேடுங்கள்

இதில் நான் சற்று நீளமாகப் பேசப்போகிறேன். எங்கள் பக்கத்தில் கூடு மூடியவர்களில் அநேகரை மூட வைத்தது நோயைவிட விற்பனைதான்.

முட்டை பொறுத்திருக்கும். நிழலான அறையில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று சைக்கிளில் கொண்டுபோய்ப் பக்கத்துச் சில்லறைக் கடையிலும் கொத்துரொட்டிக் கடையிலும் பேக்கரியிலும் கொடுக்கலாம். நூறு பேடு வைத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு மூன்று தட்டுத்தான் வரும். நாலைந்து கடையோடு பேசி வைத்தால் போதும். ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே எண்ணிக்கையில் கொடுப்பவரைக் கடைக்காரர் விடமாட்டார். காசும் சிறுகச் சிறுக, ஆனால் ஒழுங்காக வரும்.

இறைச்சிக் கோழி பொறுக்காது. நாற்பதாவது நாளில் விற்காத கோழி அன்றும் தின்னும். அந்த வயதில் ஒரு கோழி நாளொன்றுக்கு 170 கிராம் அளவில் தின்னும்; நூறு கோழிக்கு 17 கிலோ. எனக்கு ஒரு வியாபாரி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை வந்தார். அந்த நான்கு நாளில் ஒரு மூடைக்கு மேல் போய்விட்டது. எடை கூடியிருக்கிறதே என்றார். உண்மைதான், ஆனால் வயது ஏற ஏறத் தின்பதில் சதையாவது குறையும். தவிரவும் அவருடைய கடைகள் கேட்டது இரண்டு கிலோவுக்கு உட்பட்ட கோழி. விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். வேறு ஆள் கையில் இல்லாததால் நானும் கொடுத்தேன்.

அதனால் இறைச்சிக் கோழி வளர்ப்பவர் நாளைப் பின்னோக்கி எண்ணப் பழக வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் நோன்பு காலத்திலும் பெருநாளுக்கும் கோழி நன்றாக ஓடும். நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே வரும். அதைக் கலண்டரில் குறித்து ஆறு வாரம் பின்னே போய்க் குஞ்சுக்குப் பதிவு செய்யுங்கள். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் ஆகியவையும் அப்படியே. மறுபக்கம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் வீடே மச்சம் தொடாது. ஆடி அமாவாசையை ஒட்டிய மாமாங்கேஸ்வரர் திருவிழாக் காலம், புரட்டாதிச் சனிக்கிழமைகள், ஐப்பசிக் கந்தசஷ்டி என்று தமிழ் ஊர்களில் விற்பனை படுக்கும் நாட்கள் இருக்கின்றன. போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். உங்கள் 38-ஆவது நாள் இவற்றில் ஒன்றில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இரண்டுக்கும் கொடுக்கத் தொடங்கினால் ஒன்று படுக்கும்போது மற்றது தாங்கும். நம் கரையின் பெரிய வரம் இது.

மழைக்காலத்தையும் மறக்கவேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் நிற்கும். மீன் விலை ஏறும். அந்த மாதங்களில் சோற்றுக்கு முட்டையும் கோழியும்தான்.

குஞ்சு, தீன், மருந்து எல்லாம் தந்து வளர்ந்த கோழியைத் தாமே எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களின் ஒப்பந்த முறையும் இருக்கிறது. விற்பனைக் கவலை இராது. ஆனால் அவர்கள் கேட்பது பெரிய எண்ணிக்கை, அதற்கேற்ற கட்டடம். சாகும் கோழியின் நட்டம் யாருடையது, எடை எங்கே நிறுக்கப்படும், காசு எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. முதல் தொகுதியை இதில் தொடங்குவதை நான் ஆதரிக்கவில்லை.

படி 4: அன்றைய விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்

நான் இங்கே ரூபாவில் எதுவும் எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும். கணக்கை மட்டும் தருகிறேன்.

முட்டைக்கு: நூறு பேட்டில் எண்பது முட்டை வந்தால், ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 145 கிராம் தீன் செலவாகிறது. ஒரு கிலோத் தீன் விலையை 0.145 ஆல் பெருக்குங்கள். மொத்தச் செலவில் ஏறத்தாழ 70 சதவீதம் தீன்தான் என்பதால், வந்த தொகையை 0.7 ஆல் வகுத்தால் ஒரு முட்டையின் அடக்க விலை தெரியும். ஐம்பது முட்டை மட்டும் வரும் நாளில் ஒரு முட்டைக்கு 230 கிராம் தின்னப்படுகிறது. பேட்டைக் கழிக்கும் நாளை இந்தக் கணக்கு சொல்லும், பாசம் சொல்லாது.

இறைச்சிக்கு: புதியவர் ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.8 கிலோத் தீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு குஞ்சு விலையில் பாதியைச் சேருங்கள், ஏனெனில் கோழி இரண்டு கிலோ. மருந்து, உமி, மின்சாரம் ஆகியவற்றையும் நூற்றுக்கு ஐந்து குஞ்சு சாகும் என்பதையும் கூட்டுங்கள். வருவதுதான் உங்கள் அடக்கம். வியாபாரி சொல்லும் விலை அதற்குக் கீழே இருந்தால், உரித்துச் சுத்தம் செய்து அயலுக்கு நேரே விற்க முடியுமா என்று பாருங்கள். உரித்த பின் உயிர் எடையில் 70 முதல் 75 சதவீதம் நிற்கும்.

படி 5: கூடு

இறைச்சிக் கோழிக்கு ஒரு சதுர அடி, பேட்டுக்கு இரண்டு சதுர அடி. நூறு பேட்டுக்கு இருபதடிக்குப் பத்தடி. நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும்; அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் சிறிய முகப்பில் விழும். நான் செய்த முதல் பிழை இதுதான். ஒன்றரை அடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. கீரியும் பாம்பும் நுழையாத சிறு கண் வலையாகப் பாருங்கள். கிடுகுக் கூரை குளிர்ச்சி. தகரம்தான் என்றால் உயரத் தூக்கி, மேலே கிடுகு பரப்புங்கள்.

தரை உயரம் பற்றி ஒரு வார்த்தை. 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எதுவரை நின்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, தரையை அதற்கு மேலே எழுப்புங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இதைச் சொல்லத் தேவையில்லை. கிழக்கே கடலோர எழுவான்கரையில் மணல் நிலம்தானே என்று அசட்டையாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

நிலத்தில் மூன்று நான்கு அங்குலம் உமி. நம் மாவட்டங்களில் நெல் ஆலைக்குப் பஞ்சமில்லை, உமி எளிதாகக் கிடைக்கும். நனைந்த உமியை அன்றே அள்ளி எடுத்து, மற்றதை இரண்டு நாளுக்கொருமுறை கிளறிவிடுங்கள். என் அடுத்த வளவு மாமி ஒரு நாள் வேலியோரம் வந்து, “தம்பி, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சோற்றில் கை வைக்க முடியவில்லை” என்றார். கூட்டின் நாற்றம் உங்கள் கண்ணைக் கரிக்கிறது என்றால் கோழியின் மூச்சுக்குழலையும் அது கெடுத்துக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டும் எண்ணம் இருந்தால் பிரதேச சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அயலாரின் முறைப்பாட்டுக்குப் பிறகு பேசுவது கடினம்.

படி 6: குஞ்சு வாங்குதல்

குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் பெரும்பாலானவை மேல், வடமேல் மாகாணங்களில் இருக்கின்றன. குஞ்சு இரவெல்லாம் பயணம் செய்து வருகிறது. ஆகவே முதல் வேலை தண்ணீர். தீன் அதற்குப் பிறகு. குஞ்சுக்குச் சூடு காட்டும் புரூடர் வளையத்தின் மின்குமிழை முன்னிரவே போட்டுச் சூடாக்கி வையுங்கள். முதல் வாரம் 32 முதல் 34 பாகை. வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சே சொல்லும்: குமிழுக்குக் கீழே குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு, வளையம் முழுதும் பரவித் தின்றால் சரி. உமியின் மேல் முதல் இரண்டு மூன்று நாள் கடதாசி விரியுங்கள், இல்லாவிட்டால் உமியைத் தின்னும்.

ஓர் எச்சரிக்கை. முட்டைக் கோழி இனத்தின் சேவற்குஞ்சுகள் மிக மலிவாகச் சந்தைக்கு வரும். “புரொய்லர்தான், மிச்சப்பட்டது” என்று அவற்றை விற்பவர்கள் உண்டு. ஆறு வாரத்தில் அவை அரைக் கிலோவைத் தாண்டினாலே அதிசயம். தவிட்டு முட்டை இடும் இனங்களில் பேட்டுக் குஞ்சு தவிட்டு நிறம், சேவற்குஞ்சு வெளிர் மஞ்சள். விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பண்ணையை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். தடுப்பூசிக்கும் ஆலோசனைக்கும் அந்த வாசல்தான். இராணிக்கெட் நோய்க்கும் கம்போரோவுக்கும் தடுப்பு மருந்து இல்லாமல் இரண்டு வகையையும் வளர்க்க முடியாது. பேட்டுக்குக் கோழி அம்மை முதலிய மேலும் பல இருக்கின்றன. முட்டையிடும் முன் பட்டியல் முடிந்திருக்க வேண்டும். நாட்களை வைத்தியரிடமே எழுதி வாங்குங்கள். மருந்துக் குப்பி பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிக்கு உரிய அளவில் வரும், திறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஐம்பது கோழிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் செலவு பங்காகும். குடிதண்ணீரில் கலக்கும் மருந்தென்றால் கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்; குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த மருந்தைக் கொன்றுவிடும்.

என் தீர்ப்பு

பெப்ரவரியில், மழை ஓய்ந்த பின், ஐம்பது இறைச்சிக் கோழிக் குஞ்சுகளோடு தொடங்குங்கள். நூறு வேண்டாம். சூடு ஏறும் முன் விற்றுவிடலாம். குஞ்சுக்குச் சூடு காட்டுவது, உமி பார்ப்பது, மருந்து கொடுப்பது, வியாபாரியோடு பேசுவது என எல்லாவற்றையும் ஆறு வாரத்தில் ஒருமுறை முழுதாகப் பழகிவிடுவீர்கள். தவறினாலும் ஐம்பது குஞ்சின் நட்டத்தோடு போகும்.

அதற்குப் பிறகு, பதினைந்து மூடைத் தீனுக்குப் பணமும் நாலைந்து கடையும் கையில் இருந்தால், ஜூனில் நூறு பேட்டுக் குஞ்சை இறக்குங்கள். ஜூன் வெப்பத்தில் குஞ்சுக்குச் சூடு காட்டும் மின்செலவு குறையும். சிறிய உடம்புக்குக் கச்சான் அவ்வளவு பகையில்லை. ஒக்டோபர் கடைசியில் முட்டை தொடங்கும், மீன் இல்லாத டிசம்பரில் உச்சத்துக்கு வரும். முட்டையிடும் பருவத்தில் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும். நமக்கு இயற்கையில் கிடைப்பது ஏறக்குறைய பன்னிரண்டு. விடியுமுன் இரண்டு மணி நேரமும் பொழுதுபட்ட பின் இரண்டு மணி நேரமும் ஒரு மின்குமிழ் போதும், ஆனால் ஒரேயடியாகக் கூட்டாமல் வாரம் அரை மணி நேரமாகக் கூட்டுங்கள்.

கைப்பணம் இல்லை, பகலில் ஆளும் இல்லை என்பவருக்கு இரண்டும் வேண்டாம். பத்து ஊர்க்கோழி, அல்லது குண்டசாலை கரந்தகொல்ல மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சி.பி.ஆர்.எஸ். போன்ற இரட்டைப் பயன் இனம், வீட்டுச் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் விற்கவும் போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் அம்மாக்கள் அப்படித்தான் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினார்கள்.

தொகுதி முடிந்த பின்

கடைசிக் கோழி போன அன்றே உமி முழுவதையும் அள்ளிவிடுங்கள். அதை எறியவேண்டாம்; களுதாவளைப் பக்கத்து மணல் தோட்டக்காரர்கள் மரக்கறிக்கும் வெற்றிலைக்கும் கேட்டு வாங்குவார்கள். பச்சையாகச் செடியடியில் போட்டால் வேர் வெந்துவிடும், குவித்து மட்கவிட்டுக் கொடுப்பது நல்லது. தரையைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, சுண்ணாம்பு பூசுங்கள். இரண்டு வாரம் கூடு வெறுமையாகக் கிடக்கட்டும். அந்த இரண்டு வாரத்தில் கொப்பியை எடுத்து, எத்தனை மூடை போனது, எத்தனை கோழி செத்தது, எந்த நாளில் செத்தது, யார் சொன்ன நாளில் வந்து காசு கொடுத்தார் என்பதை எழுதி முடியுங்கள். அடுத்த குஞ்சுக்கான பதிவை அதற்குப் பிறகு செய்யலாம்.